வாசகர் கேள்வி – உணவியல் பதில்

கேள்வி: என் மகள் கல்லூரியில் உணவியல் முதலாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், தாளிக்கும் எண்ணெயைக்கூட அளந்துதான் ஊற்ற வேண்டும் என்கிறாள். என் மாமியார் போட்ட மாவடுவைத் தொடவே இல்லை. படிப்பு ஒருவரின் சாப்பாட்டை இப்படி மாற்றிவிடுமா? நான் கவலைப்பட வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மாற்றும். ஆனால் பாடம் கேட்பதால் மட்டும் மாறுவதில்லை. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்கு மேல் கூடாது என்று காலையில் வகுப்பெடுத்துவிட்டு, மதியம் தயிர்சாதத்துக்கு இரண்டு மோர்மிளகாயைக் கடித்துக்கொண்ட ஆசிரியைகளில் நானும் ஒருத்தி.

மாற்றம் தொடங்குவது செய்முறை வகுப்பில்தான். முந்தைய 24 மணி நேரத்தில் வாயில் போட்டது அனைத்தையும், காபியில் கலந்த சர்க்கரை உட்பட, நினைவுகூர்ந்து எழுதி, அதன் சத்துகளைக் கணக்கிட வேண்டும் என்பது மாணவியருக்குத் தரப்படும் முதல் பயிற்சிகளுள் ஒன்று. நான் மாணவியாக இருந்தபோது எங்கள் வீட்டுச் சாம்பாரை அப்படிக் கணக்கிட்டேன். நான்கு பேருக்கு ஒரு ஆழாக்குத் துவரம்பருப்பு, அதாவது ஏறத்தாழ 150 கிராம். தலைக்கு 40 கிராம்கூட வரவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2,000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்குப் பருப்பு, பயறு வகைகள் நாளொன்றுக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது. நிறைய பருப்புப் போட்டுத்தான் சமைக்கிறோம் என்று அதுவரை நம்பியிருந்த எனக்கு அந்த எண் உறைத்தது. மறுவாரமே காலைச் சிற்றுண்டியோடு சுண்டலும் சேர்ந்துகொண்டது. அது இன்றுவரை நிற்கவில்லை.

எண்ணெயும் அவ்வாறே. நால்வர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவானால், ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம். அதுமட்டுமே ஏறத்தாழ 270 கிலோ கலோரி. அதே நிறுவனம் பரிந்துரைக்கும் அளவோ 27 கிராம். கடையில் வாங்கும் வடை, மிக்சர் ஆகியவற்றின் எண்ணெய் இந்தக் கணக்கிலேயே வராது என்பதால், உங்கள் மகள் அளப்பதில் தவறில்லை.

ஆனால் முதலாண்டு மாணவியருக்கு, எதையெல்லாம் விலக்க வேண்டும் என்பதே முதலில் கண்ணில் படும். வீட்டில் ஏற்கெனவே சரியாக இருப்பது பிறகுதான் தெரியும். உங்கள் மாமியார் புழுங்கலரிசி வடிப்பவரா? நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டிய பச்சரிசியை மட்டுமே உண்டவர்களைப் பீடித்த, பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் புழுங்கலரிசி உண்டவர்களிடம் அரிதாக இருந்ததற்கு அதுவே காரணம். மேற்சொன்ன நிறுவனமே 1918இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான். இதைப் பாட்டியிடம் விளக்கும்படி மகளிடம் சொல்லுங்கள். மாவடுச் சண்டை பாதி தணியும். உப்புக்குப் பயந்து மாவடுவையும் அடியோடு விலக்க வேண்டியதில்லை; ஒன்றைக் கடித்துக்கொள்ளும் நாளில் அப்பளத்தை விட்டுவிட்டால் போதும்.

கவலைப்பட வேண்டிய நிலை வேறு. அரிசியையோ எண்ணெயையோ முற்றாக ஒதுக்குவது, பிறர் சமைத்ததை உண்ண அஞ்சி உறவினர் வீட்டு விசேஷங்களைத் தவிர்ப்பது, உடல் மெலிவது, மாதவிலக்கு தவறுவது ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தூய உணவின் மீதான இத்தகைய பிடிவாதத்துக்கு அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன் 1997இல் ‘ஆர்தோரெக்சியா’ என்று பெயரிட்டார். நீங்கள் எழுதியிருப்பதில் அதன் சாயல் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: கல்லூரியில் சேர்ந்து படிக்க இனி எனக்கு வயதில்லை. ஒரே ஒரு பழக்கத்தை மாற்றலாமென்றால் எதை மாற்றுவது? எனக்கு இரத்தசோகை இருக்கிறது.
– வாசகி, தென்காசி

பதில்: இட்லி தட்டில் இருக்கும்போதே டம்ளரில் காபி ஆறிக்கொண்டிருக்குமானால், அதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். காபி, தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பு, தானியங்களின் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. சாப்பாட்டோடு ஒரு துண்டு நெல்லிக்காயோ, பரிமாறும்போது பிழிந்த எலுமிச்சையோ அதற்கு நேர்மாறாக உதவும். மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையையும் காபியோடு விழுங்காதீர்கள்.