முத்திரை குத்தினால் போதுமா? இறைச்சி ஆய்வு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அரசு ஆய்வாளர் முத்திரை குத்திய இறைச்சியில் கிருமி இருக்காது என்று நம்பலாமா?

நம்பக்கூடாது. விலங்கு உயிரோடு இருந்தபோதும் அறுத்த பிறகும் நோய்க்குறி எதுவும் தென்படவில்லை என்பதற்கு மேல் அந்த முத்திரை அதிகம் சொல்வதில்லை. அமெரிக்கா 1906-இல் இறைச்சி ஆய்வுச் சட்டம் கொண்டுவந்த காலத்தில் அஞ்சவேண்டியிருந்தவை மாட்டுக் காசநோய், நாடாப்புழுக் கட்டி, சீழ் போன்றவை. கத்தியால் கீறிப் பார்த்தால் அவை கண்ணில் படும். இன்று ஆளை மருத்துவமனையில் சேர்ப்பவை சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர், சில வகை ஈ.கோலை ஆகிய பாக்டீரியாக்கள். இவற்றைக் குடலில் சுமக்கும் கோழியும் மாடும் பெரும்பாலும் எந்தக் குறையும் இல்லாமல்தான் நிற்கும்.

1993-இல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 1994-இல், அதற்குக் காரணமான ஈ.கோலை ஓ157 என்ற வகை உள்ள அரைத்த மாட்டிறைச்சியை விற்கக்கூடாத கலப்படப் பொருளாக அந்நாட்டு அரசு அறிவித்தது. 1996-இல், எந்தெந்தக் கட்டத்தில் அபாயம் நுழையும் என்று ஆலையே கணித்துத் தடுத்து, பதிவும் வைத்திருக்கவேண்டும் என்ற விதி வந்தது. ஹசாப் என்று தொழிலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி: கண்ணால் பார்த்துப் பயனில்லை என்றால் அந்த ஆய்வை நிறுத்திவிடலாமே?

ஒரு பகுதியை நிறுத்தலாம், நிறுத்தியும் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் பன்றி உடலை வழக்கமாகக் கீறுவதையும் அழுத்திப் பார்ப்பதையும் கைவிட்டது. ஒரு நிணநீர்க் கணுவைக் கீறிய கத்தியும் தொட்ட கையும் கிருமியை அடுத்த உடலுக்குக் கடத்துகின்றன என்பதே காரணம். ஆய்வே நோயைப் பரப்பியது என்றால் சிரிப்பதா அழுவதா?

ஆனால் அறுப்பதற்கு முன் விலங்கைப் பார்ப்பதில் கைவைக்கக்கூடாது. காய்ச்சல், தள்ளாடும் நடை, எழ முடியாமல் கிடப்பது, வாயில் நுரை ஆகியவை உரித்துத் தொங்கவிட்ட உடலில் தெரியாது. நரம்பைத் தாக்கும் நோய்களை அங்கே தவறவிட்டால் பிறகு உடலைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதற்கு வழி ஏறக்குறைய இல்லை. அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் பட்டியில் நின்று பத்து நிமிடம் கவனிப்பதற்கு ஈடான கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. நவீனமயம் என்ற பெயரில் முதலில் வெட்டப்படுவது இந்தப் பணியிடமாக இருப்பதுதான் எனக்குக் கோபம்.

கேள்வி: கோழி ஆலைகளில் அறுத்த கோழிகள் தொங்கியபடி வரிசையாக ஓடும் வேகத்தில் ஆய்வாளரால் என்னதான் பார்க்க முடியும்?

அமெரிக்காவின் பழைய முறையில் ஓர் ஆய்வாளருக்கு நிமிடத்துக்கு 35 கோழி என்பது உச்சவரம்பு. ஒரு கோழிக்கு இரண்டு விநாடிகூட இல்லை. 2014-இல் வந்த புதிய முறையில் பழுதானவற்றை ஆலையின் ஊழியர்களே முதலில் பொறுக்கிவிடுகிறார்கள். வரிசையின் முடிவில் ஒரே ஓர் ஆய்வாளர், நிமிடத்துக்கு 140 கோழி வரை. மற்ற ஆய்வாளர்கள் ஆலைக்குள் சுற்றி மாதிரி எடுக்கவும் பதிவேட்டைச் சரிபார்க்கவும் விடுவிக்கப்படுகிறார்கள் என்பது அதற்கான வாதம். வாதம் தவறில்லை. ஆனால் பொறுக்கும் ஊழியருக்கு உரிய பயிற்சியும், வரிசையை நிறுத்தினால் வேலை போகாது என்ற உத்தரவாதமும் வேண்டும். இவை இல்லாமல் வேகத்தை மட்டும் கூட்டினால் ஆலைக்கு லாபம், அவ்வளவே.

கேள்வி: ஒவ்வொரு கோழியையும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் பிரச்சினை தீர்ந்ததே?

அனுப்பினால் விற்கக் கோழி மிஞ்சாது. மாதிரிதான் வழி, ஆனால் மாதிரியின் கணக்கைப் புரிந்துகொள்ளவேண்டும். நூற்றில் இரண்டு உடல்களில் கிருமி இருப்பதாகக் கொள்வோம். முப்பது மாதிரி எடுத்தாலும் முப்பதும் சுத்தம் என்று வருவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல். ஆகவே ‘மாதிரியில் ஒன்றுமில்லை’ என்ற அறிக்கையைக் காட்டி நிம்மதி தேடக்கூடாது. மாதக்கணக்கில் எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று பார்க்கவேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உடலில் தெளித்த கிருமிநாசினி மாதிரித் திரவத்தில் கலந்தால், ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே கிருமி செத்துவிடும். முடிவு பொய்யாகச் சுத்தம் காட்டும். இதனால்தான் அமெரிக்க ஆய்வுத் துறை 2016-இல் கிருமிநாசினியை முறிக்கும் திரவத்துக்கு மாறியது.

கேள்வி: விலங்குக்குக் கொடுத்த மருந்தின் எச்சம் இறைச்சியில் இருந்தால், கொதிக்க வைத்தால் போய்விடுமா?

கிருமி சாகும். ஆனால் மருந்து எச்சம் முழுவதும் போகும் என்று நம்பமுடியாது. கடைசி ஊசிக்கும் அறுப்புக்கும் இடையே விடவேண்டிய நாட்களைப் பண்ணை மதித்தால்தான் தீர்வு.

கேள்வி: உண்மையிலேயே பலன் தந்த நாடு எது?

ஸ்வீடன். 1953-இல் ஆல்வெஸ்டா நகரத்து இறைச்சிக்கூடத்திலிருந்து பரவிய சால்மோனெல்லா சுமார் 9,000 பேரைத் தாக்கியது. ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள். 1961 முதல் அந்நாடு கட்டுப்பாட்டைப் பண்ணையிலேயே தொடங்கியது: தீவனம், குஞ்சு பொரிப்பகம், கொட்டகை என்று பின்னோக்கிப் போய்ச் சோதித்து, கிருமி கண்ட கோழிக்கூட்டத்தை அழிப்பது. செலவு பிடித்த வழிதான். ஆனால் இறைச்சிக்கூடத்தின் வாசலுக்கு வரும்போதே கிருமி குறைவாக இருந்தால் ஆய்வாளரின் வேலை பாதி முடிந்துவிடுகிறது.

கேள்வி: ஆய்வாளர் தவறு கண்டாலும் ஆலை தொடர்ந்து ஓடுகிறதே, ஏன்?

பல இடங்களில் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. டெக்சஸ் மாநிலத்து மாட்டிறைச்சி அரைக்கும் ஆலை ஒன்று சால்மோனெல்லா சோதனையில் மீண்டும் மீண்டும் தோற்றதால் ஆய்வாளர்களைத் திரும்பப் பெற அமெரிக்க அரசு முனைந்தது. ஆய்வாளர் இல்லாமல் அங்கே ஆலை இயங்க முடியாது. ஆனால் 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆலையின் பக்கம் தீர்ப்பளித்தது: வாங்கிய இறைச்சியிலேயே கிருமி இருந்திருக்கலாம், ஆகவே சோதனையில் தோற்றதை மட்டும் வைத்து ஆலை அசுத்தமானது என்று சொல்லமுடியாது. சட்டத்தின் வாசகப்படி சரி. அந்த வாசகத்தைத்தான் மாற்றவேண்டும்: சோதனையில் தொடர்ந்து தோற்பதே ஆலையை நிறுத்தப் போதுமான காரணம் என்று சட்டத்தில் எழுதவேண்டும், இறைச்சி எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்பதை ஆலை காட்டியாகவேண்டும் என்பதையும் அதோடு சேர்க்கவேண்டும்.