வீட்டுக் காவல் ரோபோ: மாணவர் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

வீட்டுக் காவல் ரோபோ செய்யும் உங்கள் மாணவர் திட்டத்தின் வரைவை அனுப்பி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். முகமறிதல், வாயுக் கசிவைக் கண்டறிதல், குரல் கட்டளை, கைப்பேசி எச்சரிக்கை, தானாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுதல் என எல்லாமே அதில் இடம்பெற்றிருக்கின்றன. ஒரே பருவத்தில் முடிக்க வேண்டிய திட்டத்தில் இவை அனைத்தையும் சேர்த்தால், எந்த வசதியும் முழுமையாக வேலை செய்யாத ஒரு வண்டிதான் கடைசியில் மிஞ்சும். ஆகவே பாகங்களை வாங்குவதற்கு முன், ரோபோ செய்யப்போகும் வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘வீட்டில் யாரும் இல்லாதபோது கதவு திறந்தால், ரோபோ அங்கே சென்று, ஒரு நிமிடத்துக்குள் வீட்டுக்காரரின் கைப்பேசிக்குப் படம் அனுப்ப வேண்டும்’ என்பது அளந்து பார்க்கக்கூடிய இலக்கு. ‘வீட்டைப் பாதுகாக்க வேண்டும்’ என்பதை எதைக் கொண்டும் அளக்க முடியாது.

இத்துறையின் தொடக்கமே இப்படி ஒரு குறுகிய தேவையிலிருந்து பிறந்ததுதான். நியூயார்க்கில் செவிலியராகப் பணியாற்றிய மேரி வான் பிரிட்டன் பிரவுன், கதவைத் திறக்காமலேயே வெளியே நிற்பவர் யார் என்று தெரிந்துகொள்ள விரும்பினார். அதற்காகக் கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகளும், அவற்றுக்கிடையே மேலும் கீழும் நகரும் ஒரு கேமராவும் கொண்ட அமைப்பை அவரும் அவருடைய கணவரும் வடிவமைத்தனர். 1966இல் விண்ணப்பித்த காப்புரிமை 1969இல் கிடைத்தது.

தேர்வாளர் உங்களிடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்போவது, சுவரில் ஒரு கேமராவைப் பொருத்தினால் போதாதா, ரோபோ ஏன் நகர வேண்டும் என்பதாகத்தான் இருக்கும். இதற்கு உறுதியான விடை இல்லாவிட்டால் திட்டத்தின் அடித்தளமே ஆட்டம் காணும். என் பரிந்துரை, கதவுகளில் காந்தச் சுவிட்சுகளைப் பொருத்திவிட்டு, அவற்றில் ஒன்று சமிக்ஞை கொடுக்கும்போது மட்டும் ரோபோவை அங்கே அனுப்பிப் பார்க்கச் செய்வது. அப்போது ஒரே கேமரா பல அறைகளுக்குப் பயன்படும். ரோபோ நகர்வதற்கும் நியாயமான காரணம் கிடைக்கும். நாள் முழுவதும் சுற்றிவர வேண்டியதில்லை என்பதால் பேட்டரியும் தாங்கும்.

சென்சார்களைப் பொறுத்தவரை, மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம், உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிரை உணரும் பி.ஐ.ஆர். (PIR) சென்சார். அதற்குள் அருகருகே இரண்டு உணர் பகுதிகள் உள்ளன. வெப்பமுள்ள ஓர் உடல், ஒரு பகுதியின் பார்வையிலிருந்து மற்றப் பகுதியின் பார்வைக்கு நகரும்போது ஏற்படும் வேறுபாட்டையே அது ‘நடமாட்டம்’ என்று அறிவிக்கிறது. இதை ஓடும் ரோபோவின் மேல் பொருத்தினால், சென்சாரே நகர்வதால் வெயில் பட்ட சுவரைக்கூட அது ஆளாக எண்ணிவிடும். எனவே ரோபோ நின்று, சில நொடிகள் பொறுத்து, அதன் பிறகே அந்தச் சென்சாரைப் படிக்குமாறு நிரல் எழுதுங்கள். அசையாமல் நிற்பவரை அது காணாது, கண்ணாடிக்கு அப்பால் நடப்பவரையும் காணாது என்பவற்றை அறிக்கையில் வரம்புகளாக வெளிப்படையாகவே எழுதிவிடலாம். ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு தடைகளை அறிய உதவும் மீயொலி சென்சாருக்கும் குறை உண்டு. திரைச்சீலை போன்ற மென்மையான துணி ஒலியை உறிஞ்சிவிடும். மெல்லிய நாற்காலிக் கால் அதன் பார்வைக்குத் தப்பிவிடும். ஆகவே முன்புறத்தில் தொட்டால் இயங்கும் ஒரு சுவிட்சையும் வைத்துவிடுங்கள்.

உங்கள் வரைவில் ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறிய கட்டுப்பாட்டுப் பலகையிலேயே முகமறிதலைச் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது நடக்காது. பரவலாகப் பயன்படும் ஊனோ R3 பலகையின் இயங்கு நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. 160க்கு 120 புள்ளிகள் கொண்ட சிறிய கறுப்பு வெள்ளைப் படத்துக்கே 19,200 பைட் தேவைப்படும். மோட்டார்களையும் சென்சார்களையும் ஊனோவிடம் ஒப்படைத்துவிட்டு, படத்துக்கு ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறு கணினியைத் தனியாக வையுங்கள். இம்முறை முகமறிதலையே விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் மின்னழுத்தம் சரிந்து கட்டுப்பாட்டுப் பலகை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ரோபோ திருப்பத்தில் திடீரென நின்றுபோனால், நிரலில் பிழை தேடுவதற்கு முன், மின்னழுத்தத்தை அளக்க மல்டிமீட்டரை எடுங்கள். மோட்டாருக்கும் பலகைக்கும் தனித்தனி மின்வழங்கலும் பொதுவான தரை இணைப்பும் (ground) கொடுப்பது இதற்குத் தீர்வு. லித்தியம் பேட்டரியைப் பாதுகாப்புச் சுற்று இல்லாமல் பயன்படுத்த வேண்டாம். ஆள் இல்லாத அறையில் சார்ஜ் ஏற்றவும் வேண்டாம்.

பாதுகாப்புக்காகச் செய்யும் கருவியே திருடனுக்கு வழிகாட்டிவிடக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்ட இணையக் கேமராக்கள் போன்ற கருவிகளுக்குள்தான் புகுந்தது. கடவுச்சொல்லை மாற்றுவதும், பிறர் படிக்க முடியாதபடி படத்தை மறையாக்கம் செய்து அனுப்புவதும் உங்கள் வடிவமைப்பின் பகுதியாகவே இருக்க வேண்டும். வீட்டில் சோதிக்கும் முன், அங்கு வசிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கேட்டுவிடுங்கள்.

பருவத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். பகல், விளக்கணைத்த இரவு, மின்விசிறிக் காற்றில் ஆடும் திரை, வளர்ப்பு விலங்கு என ஒவ்வொரு நிலையிலும் உண்மையான நிகழ்வுகளில் எத்தனையைத் தவறவிட்டது, எத்தனை முறை வீணாக எச்சரித்தது என்று அட்டவணையில் குறித்து வாருங்கள். அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் எச்சரிக்கையை வீட்டார் சில நாளில் அணைத்துவிடுவார்கள் என்பதால், இரண்டாவது எண்ணை ஒருபோதும் மறைக்காதீர்கள்.

இந்தத் திட்டம் வேலைக்கு உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உதவும், ஆனால் ‘ரோபோ செய்தேன்’ என்ற ஒற்றை வரியால் அல்ல. குழுவில் நீங்கள் மட்டும் பொறுப்பேற்ற பகுதி எது என்று முதல் வாரத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். மின்சுற்றிலும் மோட்டாரிலும் மனம் ஒன்றினால், கருவிகளுக்குள் பொதிந்த சிறு கணினிகளைக் கையாளும் எம்பெடெட் துறையையும், படத்தைப் புரிந்துகொள்ளும் நிரலில் ஒன்றினால் கணினிப் பார்வையையும், மறையாக்கத்தில் ஒன்றினால் இணையப் பாதுகாப்பையும் அடுத்த படிப்பாகவோ பயிற்சியாகவோ எண்ணிப் பார்க்கலாம். நேர்காணலுக்குச் செல்லும்போது உங்கள் பகுதியின் சுற்று வரைபடத்தையும் அந்தச் சோதனை அட்டவணையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். பொய் எச்சரிக்கையை எந்த மாற்றத்தால் குறைத்தீர்கள் என்று கேட்டால், அந்த வரியைக் காட்டியே விளக்கலாம்.