பீடித்தட்டும் சாரதாவின் குரலும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். முதுகலைத் தமிழ் படிக்கிறேன். வகுப்புக் கருத்தரங்கில் நடிகை ராதிகாவின் சின்னத்திரை வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை வாசிக்கப்போகிறேன் என்று சொன்னேன். “சினிமாவில் வாய்ப்புப் போனபிறகு சீரியலுக்கு வந்தவர்தானே, அதில் எழுத என்னம்மா இருக்கு?” என்று கேட்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. ‘சித்தி’ ஓடியபோது நான் பிறக்கவே இல்லை, அம்மா சொல்லிக் கேட்டதுதான். அவர்கள் சொன்னது சரியா?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

சரியில்லை. ஆனால் அதில் பாதி உண்மை கலந்திருக்கிறது, அதனால்தான் உங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 1978இல் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் சின்னப் பெண்ணாக வந்தவர், 1993இல் ‘கிழக்குச் சீமையிலே’ வரும்போது கல்யாண வயதில் மகள் இருக்கிற விருமாயி. இடையில் பதினைந்தே வருடம். அப்போது அவருக்கு வயது முப்பத்துச் சொச்சம்தான். அவரோடு ஜோடியாக நடித்த ரஜினியும் கமலும் அதற்குப் பிறகும் எத்தனை வருடம் கதாநாயகர்களாகவே இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விருமாயியை அவர் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பது வேறு விஷயம், அந்தப் படத்தை என்னால் இன்றும் அழாமல் பார்க்க முடியாது. ஆனால் முப்பதைத் தாண்டிய நடிகைக்கு அன்றைய சினிமா வைத்திருந்த இடம் அம்மா, அண்ணி, அக்கா. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அவர் என்ன செய்தார் என்பதை உங்கள் வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். 1994இல் ராடான் என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். தயாரிப்பு அவருக்குப் புதிதும் இல்லை, 1985இல் பிரதாப் போத்தன் இயக்கிய முதல் படமான ‘மீண்டும் ஒரு காதல் கதை’யைத் தயாரித்தவர் அவர்தான், அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது வாங்கிய படம் அது. ஆனால் சீரியல் வியாபாரம் வேறு மாதிரி. சன் டிவியில் அப்போது ஸ்லாட் முறை. அரை மணி நேரத்துக்குத் தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்ட வேண்டும், அந்த அரை மணிக்குள் வரும் விளம்பர நேரத்தைத் தானே விற்றுக்கொள்ள வேண்டும். சோப்புக்காரரும் டீத்தூள்காரரும் வராவிட்டால் நஷ்டம் தயாரிப்பாளர் தலையில். அதாவது ராதிகா அங்கே வேடம் கேட்டுப் போய் நிற்கவில்லை. காசு கட்டி நேரத்தை வாங்கி, அதில் தனக்கான வேடத்தைத் தானே உண்டாக்கி, கூடவே நூற்றுக்கணக்கான பேருக்குச் சம்பளமும் கொடுத்தார். பிறகு அந்தக் கம்பெனி பங்குச் சந்தை வரைக்கும் போனது. 1999இல் ‘சித்தி’, அப்புறம் ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, 2018 வரை ‘வாணி ராணி’. ஏறக்குறைய இருபது வருடம், ஐம்பது வயதைத் தாண்டியும், கதையின் நடுவில் நிற்கிற பெண்ணாகவே இருந்திருக்கிறார். தமிழ் சினிமாவில் எந்த நடிகைக்கு அது கிடைத்தது?

சரி, நடிப்புக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். தெருவில் முக்கால்வாசி வீட்டுப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள், என் அம்மாவும்தான். ‘சித்தி’ ஓடிய காலத்தில் ராத்திரி ஏழெட்டுப் பேர் மடியில் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மறுநாள் கடையில் கொடுக்க வேண்டிய கணக்கு பாக்கி இருக்கும், டிவிக்காகக் கையை நிறுத்த முடியாது. வெட்டி வைத்த இலையை எடுத்து, தூளை வைத்து உருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுற்றுகிற வரைக்கும் கண் தட்டில்தான் இருக்கும். இலையில் ஓட்டை விழுந்தால் கடையில் கழித்துவிடுவார்கள், கூலி போய்விடும். அதனால் அவர்கள் அந்த சீரியலைப் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். எப்போதாவது திரையில் பேச்சே இல்லாமல் இசை மட்டும் ஓடினால், குனிந்த தலையோடு ஒருத்தர் கேட்பார்: “ஏட்டி, சாரதா என்ன செய்யுதா?” (‘சித்தி’யில் ராதிகாவின் வேடத்துக்குச் சாரதா என்று பெயர்.) சின்னப் பையனான நான்தான் சொல்ல வேண்டும். “அழுவுதா” என்பேன். “சத்தமில்லாமலா?” என்று இன்னொருத்தர் தலையைத் தூக்குவார். எல்லாத் தலையும் நிமிரும். அந்த ஒரு நிமிடம் பீடி நிற்கும்.

ராதிகாவின் குரலை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் கரகரப்பான, கெஞ்சும்போதுகூட உடைந்துபோகாத குரல். கதாநாயகிக்கு யாரோ ஒருவர் பின்னணி பேசுவது சாதாரணமாக இருந்த காலத்தில் அவர் தன் குரலில் பேசியவர், அதோடு ‘முதல் மரியாதை’யில் ராதாவுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. டிவியைக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிற பெண்களுக்கு அந்தக் குரல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விமர்சனம் எழுதுகிறவர்கள் யோசித்ததில்லை. அவர்கள் சும்மா உட்கார்ந்து பார்க்கிறவர்கள். இன்னொன்று, அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பா இரண்டாவதாகக் கட்டிவருகிறவளும் சித்திதான். பழைய படங்களில் அப்படி இரண்டாம் தாரமாக வரும் சித்தி என்றாலே சூடு வைக்கிறவள், பட்டினி போடுகிறவள். அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து, மூத்தாள் பிள்ளையைத் தன் பிள்ளையாக நினைக்கிற ஒருத்தியை ராதிகா தினமும் வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் தெருவிலேயே இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்ட ஒரு அத்தை இருந்தார். அவர் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

குறையையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள். பின்னால் வந்த தொடர்களில் இழுவை அதிகம். கடத்தல், விஷம், கோர்ட், மறுபடியும் கடத்தல். ‘வாணி ராணி’ ஆயிரத்து எழுநூறு எபிசோடுக்கு மேல் போனது, எந்தக் கதை அவ்வளவு தூரம் தாங்கும்? ஆனால் விளம்பரம் வந்துகொண்டிருக்கிற ஸ்லாட்டை, அதை நம்பி அத்தனை குடும்பம் இருக்கும்போது, கதை தீர்ந்துவிட்டது என்று ஒரு தயாரிப்பாளர் நிறுத்துவது லேசில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. நடிகை ராதிகாவை அந்த இடத்தில் தயாரிப்பாளர் ராதிகா நசுக்கிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

அப்படியும் ‘வாணி ராணி’யின் தொடக்க எபிசோடுகளில் ஒன்றிரண்டை எடுத்து, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். இரட்டைப் பிறவிகள், இரண்டும் அவரே. வக்கீல் வாணி வாக்கியத்தைச் சட்டென்று வெட்டி முடிப்பாள், ராணி கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்து எதிராளிக்கு இடம் விடுவாள். முகமே தெரியாமல் யார் பேசுகிறார்கள் என்று உங்களால் சொல்லிவிட முடியும்.

அப்புறம் உங்கள் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். ‘சித்தி’ ஓடும்போது அவர் கையில் என்ன வேலை இருந்தது என்று. அதையும் கட்டுரையில் சேர்த்து, முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்