பதினான்கு வரித் தாளும் ஒரு ஜோடிக் கொலுசும்

கேள்வி: எங்கள் வீடு சேலம் சிவதாபுரத்தில். வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். நான் வீட்டிலிருந்தே கொலுசுக்கு மணி கோத்துக் கொடுக்கிறேன். மகள் இந்த ஜூனில் பக்கத்து அரசுத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். போன வாரம் பெற்றோர் கூட்டம் வைத்து, "பெற்றோர் கவனத்திற்கு" என்று 14 வரி அச்சடித்த தாள் கொடுத்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் எட்டாவதோடு நின்றவள். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். மகளோ பாட்டுப் பாடுகிறாள், ஆடுகிறாள், நோட்டு காலியாக இருக்கிறது. "பக்கத்து வீட்டுப் பையன் மெட்ரிக்கில் தினம் நாலு பக்கம் எழுதறான், நீ ஏன் இங்க சேர்த்தே?" என்கிறார் மாமியார். இன்னொன்று, கொலுசு போட்டு வரக்கூடாதாம். அவள் அப்பா கையால் செய்த கொலுசு அது. கழற்றினால் அழுகிறாள். நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: சிவதாபுரத்து அம்மாவுக்கு வணக்கம். தாளைப் படம் எடுத்து அனுப்பியதற்கு நன்றி. படித்ததும் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு ஜூனிலும் இதேபோல் ஒரு தாளை எழுதிக் கொடுத்தவள் நான். ஒரு ரகசியம் சொல்கிறேன். அந்த 14 வரியில் பாதிக்கு மேல் உங்களுக்காக எழுதியதே இல்லை. "மதிய நேரத்தில் ஜன்னல் வழியே உணவு கொடுக்க வேண்டாம்" என்று ஒரு வரி இருக்கிறதே, போன வருஷம் யாரோ ஒரு பாட்டி ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் பேரனுக்குத் தட்டுவடை செட் ஊட்டியிருப்பார். "இரவு 8 மணிக்கு மேல் ஆசிரியருக்குப் போன் செய்ய வேண்டாம்" என்ற வரிக்குப் பின்னாலும் ஓர் அப்பா இருப்பார். பெரிய டீச்சர் வருஷம் பூரா பட்டதெல்லாம் ஜூனில் தாளாக வருகிறது. அவ்வளவுதான் சங்கதி.

மீதி வரிகளில் நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய முதல் வரி, நேரத்துக்கு அனுப்புவது. அரசுத் தொடக்கப்பள்ளிகளில் இப்போது காலை உணவு உண்டு. 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க வந்த திட்டம். பொங்கல், கிச்சடி, உப்புமா என்று ஏதாவது ஒன்று, பெரும்பாலும் சாம்பாரோடு, முதல் மணி அடிக்கும் முன்பே பரிமாறி முடித்துவிடுவார்கள். பத்து நிமிஷம் பிந்தினால் பிள்ளைக்குச் சாப்பாடு போச்சு, அதோடு கூடிச் சாப்பிடுகிற நேரமும் போச்சு. புதுப் பிள்ளைக்குத் தோழி கிடைப்பது பெரும்பாலும் அந்தத் தட்டைச் சுற்றித்தான். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு வருஷத்துக்கு 200 வேலை நாள் என்று வைத்திருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, ஆடிப் பண்டிகை என்று நாம் எடுக்கிற லீவெல்லாம் இந்த 200-லிருந்துதான் கழியும். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு லீவு போட வேண்டாம் என்று சேலத்துக்காரியிடம் நான் சொல்ல மாட்டேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் முடிந்த மறுநாளும் அலுப்பில் போடுகிறீர்களே, அந்த லீவைத்தான் சொல்கிறேன்.

அடுத்து எட்டாவதோடு நின்ற கதைக்கு வருவோம். தாளில் "வீட்டில் பாடங்களைக் கவனிக்கவும்" என்று இருப்பதைப் படித்து, உங்களைப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டீர்கள். இல்லை அம்மா. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டுப்பாடமே தரக்கூடாது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு அது கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் உத்தரவு போட்டது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். நாலு பக்கம் எழுதுகிற பக்கத்து வீட்டுப் பையனின் விரலையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். பென்சில் பிடிக்கும் தசை ஐந்து வயதில் இன்னும் தேறியிருக்காது. நாலு பக்கம் எழுதும் பிள்ளை, பல நேரம் பென்சிலை முஷ்டியில் பிடித்துக்கொண்டு வலியோடு எழுதுகிறது.

மகள் பாடுவதும் ஆடுவதும் பாடம்தான். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் விட்டுப்போனதைச் சரிசெய்ய 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு, பிறகு நாலு, ஐந்துக்கும். எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வைத்து, பாட்டு, கதை, பொம்மலாட்டம், அட்டை விளையாட்டு என்று போகும். எனக்கும் ஆரம்பத்தில் இதில் சந்தேகம் இருந்தது. நான் கரும்பலகை ஆசிரியை. ஆனால் "அ" என்ற எழுத்தை நூறு முறை எழுதிய பிள்ளை அதை ஒரு சுவரொட்டியில் கண்டுபிடிக்கத் திணறுவதையும், பாட்டில் கற்ற பிள்ளை பஸ் போர்டில் கண்டுபிடித்துக் கத்துவதையும் பார்த்திருக்கிறேன்.

எண் சொல்லிக்கொடுக்க உங்களைவிட யாருக்கு வசதி? கொலுசு என்றாலே ஜோடிக் கணக்கு. சாயங்காலம் மணி கோக்கும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வேலை வாங்குவதற்கு இல்லை. அந்தக் கம்பி, பொடி, அடுப்புப் பக்கமெல்லாம் அவள் வரவே கூடாது. ஒரு கிண்ணத்தில் இருபது மணி மட்டும் கொடுங்கள். பத்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள், இரண்டிரண்டாக அடுக்கச் சொல்லுங்கள், "ஒன்று குறைகிறதே, எங்கே போச்சு?" என்று ஒளித்துவைத்துக் கேளுங்கள். இரண்டாம் வாய்ப்பாட்டை அவள் கேட்காமலே படித்துவிடுவாள். எழுத்துக்கு, பள்ளியில் அன்று சொன்ன கதையை உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். "நிஜமாவா? அப்புறம்?" என்று கேட்க எட்டாவது வேண்டாம், ஒன்றாவதே போதும்.

தாளில் 9-வது வரி, "குழந்தையின் உடல்நிலை, குடும்பச் சூழல் குறித்து வகுப்பாசிரியருக்குத் தெரிவிக்கவும்." இதை யாரும் செய்வதில்லை. ஏன் வேண்டும் என்பதற்கு என் தலைகுனிவு ஒன்றைச் சொல்கிறேன்.

ஏற்காட்டு மலையில் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் நாலு வருஷம் இருந்தேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, டவுனைத் தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் நடக்க வேண்டும். முதல் வருஷம் அரையாண்டுக்கு முன்னால் பெற்றோர் கூட்டம் ஒன்றை மத்தியானம் 3 மணிக்கு வைத்தேன். வந்தது இரண்டு பாட்டிகள். ஒருவருக்குக் காது கேட்காது. எனக்கு வந்ததே கோபம்! மறுநாள் வகுப்பில், பிள்ளைகள் காது கேட்க, "அக்கறை இல்லாத ஜனங்க" என்று சொல்லிவிட்டேன். தினமும் அரை மணி லேட்டாக வரும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அன்றும் அப்போதுதான் வந்து வாசலில் நின்றான். அவனுக்குத் தனியாக ஒரு மண்டகப்படி நடந்தது. பேசாமல் நின்றான். பிறகு மெதுவாக, "அம்மா பழம் எடுக்கப் போயிருக்காங்க டீச்சர்" என்றான்.

அது டிசம்பர். காபிப் பழம் சிவக்கும் காலம். மலையில் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை கை உள்ளவர்கள் எல்லாம் எஸ்டேட்டில் இருப்பார்கள். விடிந்ததும் அம்மா போய்விட, தங்கச்சிக்குத் தலைவாரி, பால்வாடியில் விட்டுவிட்டு இவன் ஓடி வருகிறான். 3 மணிக் கூட்டத்துக்கு வந்தால் அவளுக்கு அன்றைய கூலி போகும். இதெல்லாம் அந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். கீழேயிருந்து பஸ் ஏறி வந்த எனக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. அடுத்த கூட்டத்தைச் சந்தை நாளில், சந்தைக்குப் போகிற வழியில், ஒரு மரத்தடியில் வைத்தேன். சுக்குக் காபி போட்டேன். இடம் போதவில்லை.

ஆகவே உங்கள் வகுப்பு டீச்சருக்குச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் ஆர்டர் நெருக்கடியில் நடுராத்திரி வரை வேலை செய்கிற வாரங்களில் மகளும் தூங்காமல் விழித்திருப்பாள் இல்லையா, அதைச் சொல்லுங்கள். மறுநாள் அவள் பெஞ்சில் சாய்ந்தால் டீச்சர் திட்ட மாட்டார். கடிதம் எழுத வேண்டாம். வாசலில் விடும்போது இரண்டு வரி. அதற்கும் கூச்சம் என்றால் வகுப்பு வாட்ஸ்அப்பில் தனியாக ஒரு குரல் பதிவு. இரவு 8 மணிக்கு முன்னால்!

தாளில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் மாதத்தில் பிள்ளைகள் அழுவதற்கும், காய்ச்சல் என்று படுப்பதற்கும், பள்ளிக்கே போக மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொள்வதற்கும் பாதிக் காரணம் கழிப்பறை. அங்கன்வாடியில் ஆயாவிடம் முகத்தைச் சுளித்தாலே புரிந்துகொள்வார். இங்கே முப்பது பிள்ளைகளுக்கு நடுவே கையைத் தூக்கிக் கேட்க வேண்டும். கூச்சத்தில் அடக்கிக்கொள்ளும், அதற்காகத் தண்ணீர் குடிக்காது, பிறகு நீர்க்கடுப்பு. நீங்கள் செய்ய வேண்டியது: "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று சத்தமாகச் சொல்லிப் பழக்குங்கள், வீட்டில் நீங்கள் டீச்சராக உட்கார்ந்து. ஒரு நாள் பள்ளி விட்டதும் அவளோடு போய்க் கழிப்பறையைக் காட்டி, குழாயைத் திறக்க, தாழ்ப்பாள் போட அவளுக்கே தெரிகிறதா என்று பாருங்கள். தாழ்ப்பாள் எட்டவில்லை என்றால் அதைப் பெரிய டீச்சரிடம் சொல்வது உங்கள் உரிமை. கொக்கி வைத்த பாவாடை வேண்டாம், எலாஸ்டிக் போதும். தண்ணீர் பாட்டில் மூடியை அவளே திறக்கிறாளா பாருங்கள். விலை உயர்ந்த பாட்டிலை மூடி இறுகி நாள் முழுக்கத் திறக்காமல் வைத்திருக்கும் பிள்ளைகளை எண்ணி மாளாது.

மாமியாருக்கு இன்னொரு பதில். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இங்கிலீஷ் தெரியாததால் எங்கோ ஒரு கவுண்டரில் அவமானப்பட்டிருப்பார். அந்தத் தலைமுறையின் வலி அது. ஆனால் உங்கள் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் உண்டு. தாய்மொழியில் வாசிப்பு ஊன்றிவிட்ட பிள்ளைக்கு இன்னொரு மொழியின் எழுத்து ஏறுவது எளிது. நாற்பது வருஷத்தில் நான் பார்த்தது இது. ஒரு வருஷம் பொறுங்கள் என்று சொல்லுங்கள். பேத்தி அவருக்கு ரேஷன் கடைப் பலகையை வாசித்துக் காட்டும் நாளில் பேச்சு மாறிவிடும்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. சேர்க்கைக்கு வரும் அப்பாக்கள் என்னிடம் சொன்ன வசனம், "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க டீச்சர்." பாசத்தில்தான் சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசிப்பதில்லை. அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவில் தடை. யாராவது கை வைத்தால் முதலில் பெரிய டீச்சரிடம் போங்கள். அங்கே சரியாகவில்லை என்றால் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

கடைசி வரிசையைப் பற்றி. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உங்கள் பள்ளியிலும் இருக்கும். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கு என்ன வேண்டும் என்ற வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது அந்தக் குழு. கூடம் ஒழுகுவதும் தாழ்ப்பாள் எட்டாததும் அங்கேதான் பேசப்படும். அடுத்த கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் உட்காருங்கள், முதல் வரிசை வேண்டாம், அங்கே எப்போதும் பேசுகிறவர்கள் இருப்பார்கள். ஒரே ஒரு கேள்வியை வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போங்கள். தாழ்ப்பாளே நல்ல கேள்வி.

கொலுசு விஷயத்தில் நான் பாதி பள்ளி பக்கம். தங்கக் கம்மல், செயின் கண்டிப்பாக வேண்டாம். ஆசைப்பட்டு யாராவது பறித்துவிடும் ஆபத்து பிள்ளையின் காதுக்கும் கழுத்துக்கும்தான். கொலுசில் தொல்லை திருகாணி. ஒரு தடவை காணாமல்போன திருகாணியைத் தேடி மைதானம் முழுக்க நாற்பது பிள்ளைகளும் நானும் குனிந்து நடந்திருக்கிறோம். மத்தியானப் பாடம் போயே போச்சு. கிடைக்கவும் இல்லை. ஆனால் கொலுசு செய்கிற ஊரில், அப்பா கையால் செய்ததைக் கழற்றச் சொல்வது எனக்கும் மனசு கேட்கவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். மணி இல்லாமல், திருகாணிக்குப் பதில் கொக்கி வைத்து, மெல்லிசாக ஒன்று செய்ய அவருக்கு ஒரு சாயங்காலம் ஆகுமா? அதை எடுத்துப்போய் டீச்சரிடம் காட்டி, "இது பரவாயில்லையா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், சாயங்காலம் வீடு வந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று மகளிடம் சொல்லி, வாசலிலேயே ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள்.