மின்சார ஸ்கூட்டரில் சாலையில் இறங்கும் முன்: கேள்வி பதில்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஓட்டுநர் பயிற்சி நிலையம் ஒன்றில் சாலைச் சட்ட வகுப்பு நடத்துகிறேன். மின்சார ஸ்கூட்டர் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டதால் இன்று மாலை உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். லைசென்ஸ், பதிவு, காப்புறுதி பற்றிக் கேளுங்கள். எந்த மாடல் நல்லது, எந்தக் கடையில் மலிவு என்பதெல்லாம் என் துறை இல்லை.

செந்தூல்வாசி: டீச்சர், நின்றுகொண்டு ஓட்டும் மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறேன். வீட்டிலிருந்து எல்ஆர்டி நிலையம் வரைதான் போவேன். மோட்டார் சைக்கிளுக்கான பி2 லைசென்ஸ் இருக்கிறது. ஓட்டலாம்தானே?

ஓட்டக்கூடாது, தம்பி. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டபோது, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகாத சிறு வாகனங்கள் நுண்வாகனம் என்ற தனி வகையாகச் சட்டத்துக்குள் வந்தன. அவற்றில் சிலவற்றைச் சாலையில் பயன்படுத்தத் தடை விதிக்கும் விதிகள் 2021 டிசம்பரில் அரசிதழில் வெளியாயின. 2022 ஏப்ரலில் அன்றைய போக்குவரத்து அமைச்சர் வீ கா சியோங் விளக்கம் கொடுத்த பிறகுதான் பலருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியவந்தது. பெடலும் மோட்டாரும் உள்ள மோப்பெட், சக்கர நாற்காலி போன்ற நடமாட்ட உதவிச் சாதனம், தனிநபர் நடமாட்டச் சாதனம் ஆகிய மூன்றும் அந்தத் தடையில் வருகின்றன. உங்கள் ஸ்கூட்டர் மூன்றாவது வகை. ஹோவர்போர்டு, ஒற்றைச் சக்கர வாகனம், மோட்டார் பொருத்திய ஸ்கேட்போர்டு எல்லாம் அதே வகைதான்.

லைசென்ஸ் ஓட்டுபவருக்குக் கொடுக்கும் அனுமதி. வாகனத்துக்கே சாலையில் இடமில்லை என்னும்போது எந்த வகுப்பு லைசென்ஸ் கையில் இருந்தாலும் அது உதவாது. தூரம் குறைவு, வேகம் குறைவு, காலை நேரத்தில் போக்குவரத்தே இல்லை என்ற காரணங்களுக்கும் விதியில் இடம் கிடையாது.

இதைப் படிக்கும் எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் கிரான், அதாவது வாகனப் பதிவுச் சான்று, உண்டா என்று கேளுங்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் வகை ஒப்புதல் பெற்று, பதிவு செய்து, எண்பலகை மாட்டக்கூடிய வாகனத்துக்குத்தான் கிரான் கிடைக்கும். கிரான் இல்லாத மின்சார ஸ்கூட்டரைச் சாலையில் இறக்க வழியே இல்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஊழியர்: என் அண்ணனிடம் உட்கார்ந்து ஓட்டும் மின்சார ஸ்கூட்டர் இருக்கிறது. எண்பலகை உண்டு. வேலைக்கு அதை எடுத்துப் போகச் சொல்கிறார். எனக்குக் கார் லைசென்ஸ் மட்டுமே இருக்கிறது. இஞ்சினே இல்லாத வண்டிதானே?

இஞ்சின் இல்லாவிட்டாலும் அது மோட்டார் சைக்கிள்தான். கடை ஸ்கூட்டர் என்று பெயர் வைத்து விற்கலாம், கிரானில் மோட்டார் சைக்கிள் என்றுதான் இருக்கும். கார் ஓட்டும் டி லைசென்ஸை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. அதற்குரிய வகுப்பில் தனியாகத் தேர்ச்சி பெற வேண்டும்.

உங்கள் அண்ணனுக்கும் இதில் பங்கு இருக்கிறது. சட்டத்தின் 26ஆவது பிரிவு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுபவரோடு நிற்பதில்லை. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதித்தவரும் குற்றம் செய்தவராகிறார். அபராதம் 300 முதல் 2,000 ரிங்கிட் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாசத்தில் சாவியைக் கொடுத்தேன் என்று அவர் நீதிமன்றத்தில் சொல்லிப் பயனில்லை.

காப்புறுதி இதைவிட முக்கியம். பொதுச் சாலையில் ஓடும் எந்த மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்கிறது 90ஆவது பிரிவு. உங்கள் அண்ணன் காப்புறுதி எடுத்திருப்பார். ஆனால் லைசென்ஸ் இல்லாத நீங்கள் ஓட்டும்போது ஒப்பந்தத்தின் நிபந்தனை மீறப்படுகிறது. நீங்கள் ஒருவரை மோதிவிட்டு, அவருக்குக் கால் முறிந்து ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாமல் போனால், அந்த இழப்பெல்லாம் கடைசியில் உங்கள் குடும்பத்தின் தலையில் வந்து விழக்கூடும். பி2 தேர்வை முடியுங்கள். அதுவரை தொழிற்சாலைப் பஸ்ஸில் போங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு 16 வயது ஆகிறது. எண்பலகை உள்ள மின்சார மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாமா?

16 வயதில் பி2 வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம், அம்மா. முதலில் ஆறு மணி நேரச் சட்டப் பாட வகுப்பு, பிறகு கணினித் தேர்வு. 50 கேள்விகளில் 42 சரியாக இருக்க வேண்டும். தேறிய பிறகு பழகுநருக்கான எல் லைசென்ஸ், செய்முறைப் பயிற்சி, சோதனை. அதிலும் தேறினால் இரண்டு ஆண்டுக்குத் தகுதிகாண் பி லைசென்ஸ்.

வண்டியை முதலில் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தாதீர்கள். நிற்கும் வண்டி பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மலேசியத் தரச்சான்று அமைப்பான சிரிமின் முத்திரை உள்ள தலைக்கவசத்தையும் வண்டியோடு சேர்த்து வாங்குங்கள். மிதிவண்டிக்கான தலைக்கவசம் மோட்டார் சைக்கிளுக்கு ஆகாது.

பிறை: மின்சார வாகனத்துக்குச் சாலைவரி இல்லை என்கிறார்களே?

2025 இறுதி வரை விலக்கு இருந்தது. விலக்கு இருந்த காலத்திலும் சாலைவரியைப் புதுப்பிக்கத்தான் வேண்டியிருந்தது, கட்டணம் சுழியம், அவ்வளவே. காப்புறுதிக்கு விலக்கு எப்போதும் இருந்ததில்லை.

கெப்போங்: என்னுடையது 350 வாட்தான். நின்று ஓட்டும் ஸ்கூட்டர். 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது. லைசென்ஸ் வேண்டுமா?

செந்தூல்வாசிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

ஆயர் ஈத்தாம்: டீச்சர், என் அப்பாவுக்குப் பக்கவாதம். ஜாய்ஸ்டிக் வைத்த மின்சாரச் சக்கர நாற்காலியில் தினமும் காலைச் சந்தைக்குப் போய் வருகிறார். நீங்கள் மேலே நடமாட்ட உதவிச் சாதனத்துக்கும் தடை என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா குற்றவாளியா?

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்ததில் எனக்கு நிம்மதி. விதி சாலையைப் பற்றியது. அப்பா நடைபாதையில் போவதை அது தொடவில்லை. சாலையில் இறங்கி வாகனங்களோடு போனால் விதியின் எழுத்துப்படி அது தடைக்குள் வருகிறது. அவர் வீட்டிலிருந்து சந்தை வரை தொடர்ந்து நடைபாதை இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை.

ஜெலுத்தோங்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே? இளைஞர்களின் ஸ்கூட்டரைத் தடை செய்துவிட்டுச் சக்கர நாற்காலியை மட்டும் விட்டால் அது நியாயமா? சாலையில் இரண்டும் ஒரே ஆபத்துதான். நான் லாரி ஓட்டுபவன். தாழ்வாக இருக்கும் எதுவும் எனக்குக் கண்ணாடியில் தெரியாது.

ஆயர் ஈத்தாம்: அண்ணா, ஸ்கூட்டர் ஓட்டும் பையன் இறங்கி நடக்கலாம். என் அப்பா இறங்கி நடப்பாரா?

ஜெலுத்தோங் ஐயா லாரி இருக்கையிலிருந்து சொல்வது உண்மை. வகுப்பில் நானும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்: பெரிய வாகனத்தின் முன்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் ஓட்டுநருக்குத் தெரியாத இடம் மிகப் பெரியது. ஆனால் ஆபத்து ஒன்றாக இருப்பதால் இருவரின் நிலையும் ஒன்றாகிவிடாது. ஆயர் ஈத்தாம் மகள் கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, ஏனென்றால் அவர் கேட்டதுதான் சரி.

ஜார்ஜ் டவுனில் நடந்து பாருங்கள். கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை இருக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் மனிதர்கள் ஒதுங்கி நடப்பதற்கென்றே அந்தக் காலத்தில் கட்டியது. இன்று அதில் பாதி தூரம் மோட்டார் சைக்கிள், மேசை நாற்காலி, பூந்தொட்டி, எரிவாயுத் தோம்பு. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையில் ஒரு படி உயரம் மாறும். சக்கர நாற்காலி அங்கே எப்படிப் போகும்? சாலையில் இறங்கத்தான் செய்யும். நாமே பாதையை அடைத்துவிட்டு, சாலையில் இறங்கியவரைப் பார்த்துச் சட்டம் பேசுகிறோம்.

2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது வசதிகளையும் கட்டடங்களையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையை 26ஆவது பிரிவில் கொடுக்கிறது. அதே சட்டத்தின் 41ஆவது பிரிவு அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி கதவைச் சாத்துகிறது. உரிமை உண்டு, கேட்டுப் பெறும் வழி குறுகலானது. ஆகவே எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஊராட்சி மன்றத்துக்குப் புகார் எழுதுங்கள். எந்தத் தெரு, எந்த எண் கடைக்கு எதிரில், எத்தனை மணிக்கு, என்ன தடை என்று படத்தோடு அனுப்புங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். அதுவரை அப்பாவின் நாற்காலியில் பின்பக்கம் சிவப்பு விளக்கு, உயரமான கம்பில் ஒளிரும் கொடி. இது தடையை நீக்காது, லாரி ஓட்டுநரின் கண்ணில் படுவதற்காகச் சொல்கிறேன்.

ஜெலுத்தோங்: கொடி வைத்தால் தெரியும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்றுத்திறனாளிகளும் லைசென்ஸ் எடுக்கலாமே?

எடுக்கலாம். ஏ, ஏ1 என்று அவர்களுக்குரிய வாகனங்களுக்கான வகுப்புகளே இருக்கின்றன. அது மோட்டார் வாகனம் ஓட்டக்கூடியவர்களுக்கு. பக்கவாதத்தில் ஒரு கை மட்டும் அசையும் பெரியவரை அந்தத் தேர்வுக்கு அனுப்பச் சொல்ல என்னால் முடியாது.

பங்சார்: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகத்துக்குள் பிள்ளைகள் மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். உள்ளே சாலைச் சட்டம் செல்லாது என்கிறார் நிர்வாகக் குழுத் தலைவர்.

பாதிதான் சரி. சட்டத்தின் 2ஆவது பிரிவில் சாலை என்றால் பொதுச் சாலை, அதோடு பொதுமக்கள் நுழையக்கூடிய மற்ற சாலைகளும். பாலம், சுரங்கப்பாதை, வட்டச் சந்திப்பு, ஃபெரி வசதிகள், நெடுஞ்சாலை ஓய்விடம் வரை பட்டியல் நீளுகிறது. தனியார் சொந்தமாகப் பராமரிக்கும் தனியார் சாலைக்கு விலக்கு உண்டு. வேலியிட்டு, காவலர் வைத்து, நீங்களே பராமரிக்கும் வளாகம் அந்த விலக்கில் வரும். தாமான் எனும் குடியிருப்புப் பகுதிக்குள் இருக்கும் சாதாரணத் தெரு வராது. வாசலில் காவலர் கூண்டு வைத்த உடனே தாமான் தெரு தனியார் சாலையாகிவிடாது.

விலக்கு இருந்தாலும் கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகளை விடாதீர்கள். தூணுக்குப் பின்னாலிருந்து வரும் காரின் ஓட்டுநர் அந்த உயரத்தில் ஒரு பிள்ளையை எதிர்பார்க்க மாட்டார்.

ஜொகூர் பாரு: சிங்கப்பூரில் வேலை செய்தபோது மின்சார ஸ்கூட்டருக்கான தேர்வில் தேறினேன். வண்டியும் அங்கே பதிவு செய்தது. இப்போது கோலாலம்பூரில் இருக்கிறேன்.

அந்தத் தேர்வு அந்த நாட்டின் மிதிவண்டிப் பாதைகளுக்கு. அங்கேயும் 2019 நவம்பர் முதல் நடைபாதையில் ஓட்டத் தடை. 2022 ஜனவரியிலிருந்து தேர்வு கட்டாயம். அந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது.

வங்சா மாஜு: சாலையோரம் வண்ணம் பூசிய மிதிவண்டித் தடத்தில் ஓட்டலாமா?

சாலையின் எல்லாத் தடங்களும் சாலைதான். கூடாது.

புக்கிட் மெர்தாஜாம்: மிதிக்கும்போது மோட்டார் உதவும் மிதிவண்டிக்கு லைசென்ஸ் வேண்டுமா? பக்கத்துத் தாமானில் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

வேண்டாம், அம்மா. மின்துணை மிதிவண்டி அந்தத் தடையில் இல்லை. ஆனால் அது மிதிவண்டியாகவே இருக்க வேண்டும்: மோட்டார் 250 வாட்டுக்குள், உதவி 25 கிலோமீட்டர் வேகத்தோடு நிற்க வேண்டும், மிதித்தால்தான் உதவ வேண்டும். எம்எஸ் 2514 என்ற மலேசியத் தரநிலைப்படி செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். கைப்பிடியைத் திருகினால் மிதிக்காமலே பறக்கும் வண்டியை மிதிவண்டி என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். பெடல் பொருத்தியிருப்பதால் அது மிதிவண்டி ஆகாது, மோப்பெட் பக்கம் போய்விடும். வேகக் கட்டுப்பாட்டை எடுத்துத் தருகிறேன் என்பவரிடமும் வண்டியைக் கொடுக்காதீர்கள். இன்று எனக்கு வந்த கேள்விகளில் நிம்மதியாகச் சம்மதம் சொல்ல முடிந்தது இதற்குத்தான்.

ராவாங்: பி2 இருந்தால் நின்று ஓட்டும் ஸ்கூட்டர் ஓட்டலாமா?

சுங்கை டுவா: இரவில் மட்டும் ஓட்டினால்?

செராஸ்: தலைக்கவசம் போட்டுக்கொண்டால்?

மூவருக்கும் ஒரே பதில்: கூடாது. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் தனியாகப் பதில் எழுதப் போவதில்லை. இரவில் ஓட்டுவது எல்லாவற்றிலும் மோசம். அந்தச் சிறிய சக்கரத்துக்குச் சாலைக் குழி ஒன்று போதும். சுங்கை டுவா தம்பி, தயவுசெய்து வேண்டாம்.

ஜார்ஜ் டவுன்: மடக்கும் ஸ்கூட்டரை விமானத்தில் கோலாலம்பூருக்குக் கொண்டு போகலாமா? 36 வோல்ட், 7.8 ஆம்பியர் மணி.

36ஐ 7.8ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 280 வாட் மணி. பயணிகள் கொண்டுபோகும் பேட்டரிக்கு உச்ச வரம்பு 160, அதுவும் விமான நிறுவனத்தின் முன்அனுமதியோடு. கொண்டு போக முடியாது.

கிள்ளான்: கடைக்காரர் சாலையில் ஓட்டலாம், லைசென்ஸ் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார். அதை நம்பி வாங்கிவிட்டேன். இப்போது பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்.

வாங்கிய பொருளைப் பற்றித் தவறான தகவல் கொடுத்து விற்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். வழக்கறிஞர் தேவையில்லை. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மூன்றாண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிக்கிறார்கள். ரசீது, பணம் செலுத்திய சான்று, அவரோடு பேசிய குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் சேருங்கள். விளம்பரத்தை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் தேதி தெரியும்படி இப்போதே படமெடுத்து வையுங்கள். புகார் போகிறது என்று தெரிந்தால் அவர் முதலில் அழிப்பது அதைத்தான்.