உறைய வைத்த சிறுநீரில் அல்புமின் அளவு குறைந்து தெரியுமா?

மைனஸ் 20 டிகிரியில் ஓராண்டு வைத்த சிறுநீர் மாதிரிகளில் அல்புமின் என்ற புரதத்தை அளந்தால் முடிவை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியே நம்பிவிட முடியாது.

அல்புமினோடு ஒப்பிட அளக்கும் கிரியாட்டினின் (தசைகளிலிருந்து வரும் கழிவுப்பொருள்) பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். சிக்கல் அல்புமினில்தான். அந்தக் குளிரில் உப்புகள் வீழ்படிவாகும்போது புரதத்தில் ஒரு பகுதியும் சேர்ந்து படிகிறது, இன்னொரு பகுதி சிதைகிறது. அமிலத்தன்மை கூடிய சிறுநீரில் இழப்பு இன்னும் அதிகம். அதனால் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குச் சற்று மேலே இருந்தவர்கூட இயல்பானவராகத் தெரியலாம். ஆரம்பகட்ட சிறுநீரகப் பாதிப்பு அப்படியே மறைந்துவிடும் என்பதுதான் என் கவலை. எல்லா மாதிரியிலும் இழப்பு ஒரே அளவு இருக்காது என்பதால் ஒரு பொதுவான எண்ணால் பெருக்கிச் சரிசெய்யவும் வழியில்லை.

மைனஸ் 80-ல் இழப்பு மிகக் குறைவு. நீண்ட ஆய்வென்றால் அதையே தேர்ந்தெடுங்கள். சிறு குழாய்களில் பிரித்து வைத்தால் திரும்பத் திரும்ப உருக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்குள் அளந்துவிடுவீர்கள் என்றால் சாதாரண ஃப்ரிட்ஜே (2–8 டிகிரி) போதும்.

அப்புறம், உருகியதும் அவசரப்படாதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்தபின் வண்டல் கரையும்படி நன்றாகக் கலக்கிவிட்டு அளக்க வேண்டும்.