வாசகர் கேள்வி பதில்: கைபேசித் திரைக்கு ஒரு சித்திரக்கதைப் பக்கம்

இணையத்தில் வெளியாகும் சித்திரக்கதைகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் ஆறுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பாடசாலைக் காலம் முதல் கொப்பிகளில் படக்கதை வரைந்து வருகிறேன். அவற்றைக் கைபேசியில் வாசிக்கத்தக்கதாக வெளியிட விரும்புகிறேன். ஒரு பக்கத்தை எந்த ஒழுங்கில் உருவாக்குவது?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: சொற்களிலிருந்து தொடங்குங்கள். வரையத் தெரிந்தவர்களின் கை முதலில் முகத்தையும் கண்ணையும்தான் தேடிப் போகும் என்பதை அறிவேன். ஆனாலும் யார் என்ன பேசுகிறார், எத்தனை சொல் பேசுகிறார் என்பது முடிவாகாமல் ஒரு கட்டத்தின் அளவையே தீர்மானிக்க முடியாது.

அண்மையில் நான் முடித்த ஒரு பக்கத்தை வைத்தே இதை விளக்குகிறேன். முழுநிலா இரவில் மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தருகே ஒரு தோணியில் அம்மப்பாவும் பேத்தியும் இருக்கிறார்கள். துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துப் பாடுமீனின் ஒலியைக் கேட்கும் பழைய வழக்கத்தை அவர் அவளுக்குக் காட்டிக்கொடுக்கிறார். இந்தக் காட்சிக்கு நான் எழுதிய பேச்சு நான்கே வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த நேரத்தில் வாசகரின் கண்ணுக்கு எது தெரிய வேண்டும் என்பதை ஒரு வாக்கியத்தில் குறித்துக்கொண்டேன்.

அடுத்ததாக, மூன்று விரல் அகலத்தில் ஒரு நீளமான காகிதப் பட்டியை வெட்டி, முழுப் பக்கத்தையும் அதில் பென்சிலால் கிறுக்கிப் பார்த்தேன். கைபேசியில் வாசிப்பவர் திரையை விரலால் மேலே தள்ளித் தள்ளி வாசிக்கிறார். கொரியாவில் வளர்ந்து உலகெங்கும் பரவிய வெப்டூன் முறை இதுவே. அச்சுப் புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் ஒருங்கே கண்ணில் விழும், இங்கேயோ ஒரு திரையளவுக்கு மேல் எதுவும் தெரியாது. ஆகவே ஒரு மட்டையில் கைபேசித் திரையின் வடிவத்தில், பட்டியின் அகலத்துக்குப் பொருந்துமாறு ஒரு சாளரம் வெட்டி, அதைப் பட்டியின்மேல் வைத்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எந்தக் கட்டம் பாதியில் அறுபடுகிறது, எந்த இரகசியம் முன்கூட்டியே வெளிப்பட்டுவிடுகிறது என்பன அந்த மட்டையில் உடனே தெரிந்துவிடும். விலையுயர்ந்த எந்தக் கருவியும் எனக்கு இந்த மட்டை அளவுக்கு உதவியதில்லை.

கட்டங்களுக்கு இடையே விடும் வெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகத்தில் அது சில மில்லிமீற்றர். திரையிலோ அது எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு நேரம் கடக்கிறது. என் பக்கத்தில் சாதாரணக் கட்டங்களுக்கிடையே 120 பிக்சல் விட்டேன். "காத வை, புள்ள. மூச்ச விடாத" என்று அம்மப்பா சொன்ன பிறகு மட்டும் ஏறத்தாழ இரண்டு திரை நீளத்துக்கு வேறெதுவும் இல்லை. நிலவொளி பட்ட நீர்மட்டத்தைக் கடந்து கறுத்த நீருக்குள் இறங்கும் துடுப்பு மாத்திரமே இருக்கும். வாசகரின் விரல் அந்தத் துடுப்பின் வழியே கீழே இறங்குகிறது. பேத்தி காத்திருக்கும் நேரத்தை வாசகரும் காத்திருக்கிறார். அந்த மீனின் ஒலியை எழுத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. துடுப்பின் அடியில் மூன்று மெல்லிய வளைகோடுகளோடு விட்டுவிட்டேன்.

பட்டி சரியென்று பட்டதும் அதை ஒளிப்படம் எடுத்துக் கணினியில் ஏற்றி, படம் வரைவதற்கு முன்பே அதன்மேல் பேச்சைத் தட்டெழுதி வைத்துவிடுங்கள். முதல் வரைவில் நான் இந்தப் படியைத் தாண்டிச் சென்று, துடுப்பைப் பிடித்திருக்கும் அம்மப்பாவின் கைகளை நரம்பு தெரிய வரைந்து முடித்தேன். பிறகு பேச்சுக்குமிழை வைக்க வேறு இடமில்லாமல் அது அந்தக் கைகளின்மேலேயே போய் அமர்ந்தது. முழுக் கட்டத்தையும் மீண்டும் வரைய வேண்டியதாயிற்று.

எஞ்சியவை பழக்கத்தில் வருபவை. ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள்கள் போன்றவை மென்பொருளின் லேயர்கள். பென்சில் கோடு ஒரு லேயரிலும், மைக்கோடு அதற்கு மேல் வேறொரு லேயரிலும், தட்டை நிறங்கள் மைக்கோட்டுக்குக் கீழேயும், நிழல், கீழுள்ள நிறத்தைக் கருமையாக்கும் 'மல்டிப்ளை' முறையில் அமைத்த தனி லேயரிலும், எழுத்து எல்லாவற்றுக்கும் மேலேயும் இருக்கட்டும். அகலம் 2400 பிக்சலில் வரைந்து, வெளியிடும்போது மூன்றில் ஒன்றாகச் சுருக்கி 800 ஆக்குகிறேன். அப்படிச் சுருக்கும்போது 6 பிக்சலிலும் மெல்லிய கோடுகள் மங்கி மறைந்துவிடும் என்பதால் தூரிகையின் அளவை முதலிலேயே அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் எனக்கு நான்கு மாலைப் பொழுதுகள் எடுத்தது. அவற்றில் ஒரு மாலை முழுவதும் சொல்லுக்கும் பட்டிக்கும் போனது.

கேள்வி: வரையும் மென்பொருளில் தமிழைத் தட்டெழுதினால் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகப் பிரிந்து நிற்கிறது. பாமினி எழுத்துருவில் இந்தச் சிக்கல் வருவதில்லை. பாமினியையே பயன்படுத்தலாமா?
– வாசகர், கல்முனை

பதில்: பிழை உங்களுடையதன்று. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் 'கெ' என்ற எழுத்துக்குக் கணினி ககரத்தை முதலிலும் கொம்பை அதன் பின்னும் சேமிக்கிறது. கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலையைக் கற்றிராத மென்பொருள் சேமித்த ஒழுங்கிலேயே காட்டிவிடுகிறது. பாமினியிலோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் அமர்த்தப்பட்டுள்ளன. கொம்பை முன்னே அடித்தால் முன்னேயே நிற்கும். ஆகவே அது எங்கும் உடைவதில்லை.

இறுதியில் எழுத்து படமாகவே மாறிவிடுகிறது என்பதால், குமிழுக்குள் பாமினி இருப்பதை நான் குற்றமாகக் கருதவில்லை. ஆனால் கதையின் மூலப்பிரதியைப் பாமினியில் வைத்திருக்காதீர்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. இன்க்ஸ்கேப், ஜிம்ப் ஆகிய இரண்டும் இலவசமானவை. இரண்டும் தமிழ் யூனிகோடைச் சரியாகக் காட்டுகின்றன. படத்தை முடித்துவிட்டு எழுத்து வேலையை மட்டும் அவற்றில் செய்வதே என் வழக்கம். எழுத்துருவைப் பொறுத்தவரை, இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' கையெழுத்தின் சாய்வோடு பேச்சுக்கு இசைவாக இருக்கிறது. கூகுள் எழுத்துருத் தளத்தில் அதை இலவசமாகப் பெறலாம்.

அளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். 800 பிக்சல் அகலப் படம் ஏறத்தாழ 6.5 சென்ரிமீற்றர் அகலத் திரையில் விரியும்போது ஒரு மில்லிமீற்றருக்கு 12 பிக்சல் வருகிறது. எழுத்தின் உடல் இரண்டரை மில்லிமீற்றராவது உயரமாக இருந்தால்தான் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகிறவராலும் வாசிக்க முடியும். அதற்கு 30 பிக்சல் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் போல் நம் எழுத்து ஒரே உயரத்தில் நிற்பதில்லை. மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் நீண்டு ஒன்றையொன்று முட்டும் என்பதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். தமிழ்ச் சொற்களும் நீளமானவை. 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரு சொல்லே ஒரு குமிழின் அகலத்தைத் தின்றுவிடும். சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவதைவிட, 'போறாங்க' என்று மாற்றிவிடுவது பேச்சுக்கும் நல்லது, குமிழுக்கும் நல்லது.

கேள்வி: கதாபாத்திரங்கள் மட்டக்களப்புப் பேச்சுவழக்கில் பேசினால் தமிழ்நாட்டு வாசகருக்கும் புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கும் விளங்குமா? பொதுத்தமிழில் எழுதுவது பாதுகாப்பானதல்லவா?
– வாசகி, வாழைச்சேனை

பதில்: சித்திரக்கதையில் சொல்லுக்குப் பக்கத்திலேயே முகமும் கையும் நிற்கின்றன. அச்சு நாவலில் அடிக்குறிப்பு தேவைப்படும் சொல்லும் இங்கே படத்தின் துணையால் விளங்கிவிடும். என் பக்கத்தில் பேத்தி, காதைத் துடுப்பில் வைத்தபடி, "ஒண்டும் கேக்கல்லயே, அம்மப்பா" என்கிறாள். வரைந்திருப்பது புருவம் சுருங்கிய ஒரு சின்ன முகம். இதை "ஒன்றும் கேட்கவில்லையே, தாத்தா" என்று மாற்றினால் விளக்கம் கூடப்போவதில்லை, அவள் மட்டும் கல்லடிப் பிள்ளையாக இல்லாமல் போய்விடுவாள். வயதான பெண்ணைப் பெத்தா என்று பிள்ளைகள் அழைக்கட்டும். அன்போடு கூப்பிடும் 'மனே' இருக்கட்டும். ஒரே ஊரின் தமிழரும் முஸ்லிம்களும் பேசும் பேச்சில் உள்ள வேறுபாட்டையும் காதால் கேட்டு எழுதுங்கள். சந்தையில் நின்று கேட்காமல் ஊகித்து எழுதினால் அந்தந்த ஊரார் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கதைசொல்லியின் குரலாக வரும் வரிகளைப் பொதுத்தமிழில் வைத்துக்கொண்டால் வெளியூர் வாசகருக்கும் பிடிமானம் கிடைக்கும்.

ஒலிக்குறிப்புகளுக்கும் இது பொருந்தும். ஆங்கிலப் படக்கதையின் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து வைக்காதீர்கள். சளக், களுக், சலசல, மொறமொற என்று நம்மிடம் இருப்பவை ஏராளம்.

கேள்வி: என்னிடம் கைபேசி மட்டுமே உள்ளது. அதில் வரைய முடியுமா, அல்லது வரைபலகை வாங்கும்வரை காத்திருக்க வேண்டுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: காத்திருக்க வேண்டாம். ஐபிஸ் பெயின்ற் போன்ற செயலி போதும். நினைவகம்தான் தடையாகும். 2400 அகலமும் 12000 உயரமும் கொண்ட ஒரு லேயர் மட்டும், பிக்சலுக்கு நான்கு பைட் வீதம், ஏறத்தாழ 115 மெகாபைட்டை எடுத்துக்கொள்ளும். அதனால் அகலத்தை 1600 ஆகக் குறைத்து, பக்கத்தை 4000 பிக்சல் உயரத் துண்டுகளாகப் பிரித்து வரையுங்கள். காகிதத்தில் மையிட்டுப் படமெடுப்பதானால் காலை வெளிச்சத்தில் யன்னலோரம் வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். மின்குமிழின் கீழ் எடுத்தால் தாளில் மஞ்சள் படிந்து, கோட்டைப் பிரித்தெடுக்க முடியாமற் போகும்.

கேள்வி: பின்னணிக்கு நம் ஊர் இடங்களின் ஒளிப்படங்களைப் பார்த்து வரையலாமா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: நீங்களே எடுத்த படமானால் தாராளமாக. பிறர் எடுத்ததை அப்படியே படியெடுப்பது சரியன்று. எந்த ஆண்டில் கதை நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். கல்லடியில் 1924இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. என் கதை 1980களில் நடப்பதால், இன்று எடுத்த ஒளிப்படத்திலிருந்து புதிய பாலத்தை நீக்கிவிட்டு, அதற்குப் பின்னால் மறைந்திருந்த கரையை வேறொரு கோணத்தில் போய்ப் பார்த்து வரைந்தேன்.

கேள்வி: இணையத்தில் வெளியிட்ட பக்கங்களைப் பின்னர் புத்தகமாக அச்சிட முடியுமா? முன்கூட்டியே என்ன செய்துவைக்க வேண்டும்?
– வாசகி, திருக்கோவில்

பதில்: முடியும்; ஆனால் 800 பிக்சல் படத்தை வைத்துக்கொண்டு முடியாது. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பதால் அது இரண்டே முக்கால் அங்குல அகலத்துக்குள் அடங்கிவிடும். 2400 பிக்சல் மூலக்கோப்பு 8 அங்குலத்துக்குப் போதுமானது. லேயர்களை ஒன்றாக இணைத்துவிடாத அந்தக் கோப்பை வேறு ஒரு வன்தட்டிலும் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரையின் நிறங்கள் அச்சு மையில் அப்படியே வராது. குறிப்பாக ஒளிரும் நீலமும் பச்சையும் மங்கிவிடும். ஆகவே அச்சகத்தில் ஒரு பக்கத்தை முதலில் அடித்துப் பாருங்கள்.

கட்டங்களையும் புதிதாக அடுக்க வேண்டியிருக்கும். இரண்டு திரை நீளத்துக்கு இறங்கிய என் துடுப்பைப் புத்தகப் பக்கம் தாங்காது. அதற்காக, வலப்பக்கத்தின் ஓரத்தில் மேலிருந்து அடிவரை துடுப்பை மட்டும் வரைந்து, பேத்தியின் முகத்தைத் தாளைப் புரட்டியதும் வரும் பக்கத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.